தாம்பரத்துக்கு வந்த உலகமும் நான் பதில் போடாத மூன்று மெயில்களும்

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மாடம்பாக்கம் தெருவுக்குக் கொரியாவிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். பொங்கல் லீவு நேரம். தெருக்கோடியில் ஒரு சின்ன சர்ச். அதன் ஹாலில்தான் எங்களுக்குச் சாயங்கால ட்யூஷன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லை. ஆனால் அந்த ஏரியாவில் குறைந்த ஃபீஸுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை என்பதால், தெருவில் இருந்த எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தோம்.

வந்தவர்கள் எல்லோரும் காலேஜ் படிப்பவர்கள். 'மிஷன் ட்ரிப்' என்றார்கள். மொத்தம் ஒரு வாரம். ட்யூஷன் ஹால் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். எங்களுக்குக் காகிதத்தில் கொக்கு செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆளுக்கொரு பென்சில் பாக்ஸ் தந்தார்கள். நிறைய போட்டோ எடுத்தார்கள். (அந்தச் சுவரைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஊருக்குப் போன மறுவாரம் எங்கள் தெரு பெயின்டர் அண்ணன் வந்து மொத்தத்தையும் திரும்ப அடித்தார்.)

நான்காம் நாள் அவர்களில் ஒரு அக்காவுக்கு வயிறு சரியில்லாமல் போனது. ஹாலில் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்து வீடு எங்களுடையது. அம்மா வந்து பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார். புழுங்கலரிசிக் கஞ்சியும் ஒரு துண்டு நார்த்தங்காயும் கொடுத்தார். அக்கா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எங்கள் வீட்டுப் பாயிலேயே மத்தியானம் முழுக்கத் தூங்கினார். எழுந்ததும் ஊருக்கு போன் போட்டு "அப்பா..." என்று ஆரம்பித்தாரே, நாங்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டோம். கொரிய மொழியிலும் அப்பா என்றால் அப்பாதானாம். அம்மா கிட்டத்தட்ட 'ஓம்மா'. கே டிராமா பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் இன்று பழைய செய்தி. அன்றைக்கு எங்கள் தெருவுக்கு அது பிரேக்கிங் நியூஸ்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் அக்கா எங்கள் வீட்டில்தான். மற்ற பதினொரு பேரின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பென்சில் பாக்ஸ் கொடுத்தவர்களை மறந்துவிட்டேன். கஞ்சி வாங்கிக் குடித்தவரை மறக்கவில்லை.

ஏன் அப்படி என்று அப்போது யோசித்ததில்லை. போன மாதம் வேறொரு வேலையாகக் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போயிருந்தேன். நம்மில் பலருக்கு அது 'எம்.சி.சி.' அவ்வளவுதான். வேளச்சேரி சாலையில் பஸ்ஸில் போகும்போது காம்பவுண்டுக்கு மேலே தெரியும் மரங்கள். ஆனால் உலகத்தில் கிறிஸ்தவ இறையியல் படிக்கிற மாணவர்கள் பலருக்குத் 'தாம்பரம்' என்பது ஊர்ப் பெயரே இல்லை, ஒரு மாநாட்டின் பெயர். 1938 டிசம்பரில் இந்த வளாகத்தில் நடந்த மாநாடு. அதன் அறிக்கைகள் அடுத்த வருடம் ஏழு தொகுதிகளாக வந்தன. அந்த வரிசைக்கே 'தாம்பரம்' என்றுதான் பெயர். சானடோரியம், செலையூர், சிட்லபாக்கம் என்று சுற்றிச் சுற்றி வளர்ந்த எனக்கு இது தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு வெள்ளாளன்விளைக்காரர் கேட்டது

மாநாட்டுக்கு முன்னால் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் அங்கே படித்தார். பட்டம் வாங்கவில்லை. 1912-ல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

பிஷப் ஆவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1,200 பேர் கூடினார்கள். அதில் ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. உலகம் முழுக்கப் போய் வேலை செய்வதைப் பற்றிய மாநாடு, ஆனால் அந்த உலகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பஸ்ஸைக்கூட நிரப்ப மாட்டார்கள். 35 வயது அசரியாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. வெளிநாட்டு மிஷனரிகளும் உள்ளூர் ஊழியர்களும் எப்படி ஒன்றாக வேலை செய்வது என்பதுதான் தலைப்பு.

நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நீங்கள் எங்களுக்காக நிறையச் செய்கிறீர்கள், தியாகம் செய்கிறீர்கள், எல்லாம் சரி, ஆனால் எங்களோடு சமமாகப் பழகுகிறீர்களா என்று கேட்டார். வருடக்கணக்கில் கூடவே வேலை பார்க்கும் இந்தியரோடு ஒருவேளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத மிஷனரிகள் இருப்பதைச் சொன்னார். கடைசியில் அவர் கேட்டது பணமோ பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ இல்லை. நண்பர்களைக் கேட்டார். அரங்கத்தில் சிலர் நெளிந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

நட்பு என்றால் என்னவென்று தெரியாமல் அவர் கேட்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடியும் அவரும் நெருங்கிய நண்பர்கள். ஒய்.எம்.சி.ஏ. வேலையாகத் தமிழ் ஊர்களில் சேர்ந்து சுற்றியவர்கள். எடி உட்கார்ந்து தமிழ் படித்தார். இங்கேதான் விஷயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒருவருடைய மொழியைக் கற்றுக்கொள்ளும்போது நீங்கள் அவரிடம் மாணவராகிவிடுகிறீர்கள். தப்புத் தப்பாகப் பேசி, அவர் சிரித்து, நீங்களும் சிரிக்க வேண்டும். 'நான் கொடுக்க வந்தவன்' என்ற தோரணையை வைத்துக்கொண்டு 'ழ' பழக முடியாது!

அசரியாவே வெளியூர்க்காரராகப் போனவர்தான். தமிழரான அவர் இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லுக்குப் போய், ஆரம்பத்தில் கூடாரத்தில் தங்கி, தெலுங்கு கற்றுக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார். மிஷன் என்றால் வெள்ளைக்காரர் நம் ஊருக்கு வருவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். நம் ஊர்க்காரர்களும் இப்படிக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். இன்றும் போகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் மதம் இருக்கிறது. அது பலருக்கு உறுத்தும். 1930-களில் மதமாற்றம் பற்றி காந்திக்கும் அசரியாவுக்கும் இடையே கடுமையான கருத்து மோதல் இருந்தது. இன்றைக்கும் டூரிஸ்ட் விசாவில் வருகிறவர்கள் மதப் பிரசாரம் செய்ய இந்திய விதிகள் இடம்கொடுப்பதில்லை, அதற்கென்று தனி மிஷனரி விசா இருக்கிறது. எங்கள் தெருவிலேயே "எதுக்கு வந்திருக்காங்களோ, பாத்து இருங்க" என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நண்பனாக வந்தவனா, கணக்குக் காட்ட வந்தவனா என்பது எதிரில் இருப்பவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

திருப்பத்தூருக்கு ரயிலில் போகிறவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 1921-ல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கியது. ஒருவர் தமிழர், எஸ்.ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். வசதியான தொழில் குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் ஜேசுதாசன் இருந்தபோது நண்பர்களானார்கள். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, சைவம் சாப்பிட்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒன்றாக வாழ்ந்தார்கள்.

ஊர்மக்கள் அவர்களை எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஜேசுதாசன் பெரியண்ணன். பேட்டன் சின்னண்ணன். பிரிட்டிஷ் ஆட்சி நடக்கிறது, ஊரில் கலெக்டர் வெள்ளைக்காரர், மேலே கவர்னர் வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் 'சின்ன' அண்ணனாக இருக்கச் சம்மதித்திருக்கிறார். வயதிலும் ஜேசுதாசன் மூத்தவர்தான், அதனால் இயல்பாக அமைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் வயதுக்கா மரியாதை கிடைத்தது? தோலுக்குத்தானே!

1932-ல் மெட்ராஸில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்றிருந்த பேட்டனை போலீஸ் தடியால் அடித்தது. சொந்த நாட்டு அரசின் போலீஸ். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. நண்பனுடைய உடுப்பை உடுத்தினால் நண்பனுக்கு விழும் அடியும் சேர்ந்துதான் விழும். ஒரு வார ட்ரிப்பில் இதெல்லாம் நடக்காது என்பது எனக்கும் தெரியும்.

1938: தாம்பரத்தில் ஓர் உலகம்

இப்போது தாம்பரத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் இங்கே மாறி வந்தது. புதர்க்காடு. மின்சார ரயில் 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரம் வரை வந்துவிட்டது, மற்றபடி ஊருக்கு வெளியே இருந்த இடம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் நட்டு வளர்த்ததன் பலன்தான் இன்று நாம் பார்க்கிற காடு. (தாம்பரத்து வெயிலில் எம்.சி.சி. சுவர் ஓரமாக நடந்தவர்கள் அவர்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்.)

சர்வதேச மிஷனரி மன்றத்தின் அந்த மாநாடு சீனாவில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் சீனா மீது போர் தொடுத்ததால் அங்கே நடத்த முடியாமல் இங்கே மாற்றினார்கள். 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 471 பேர். விடுமுறையில் காலியாக இருந்த மாணவர் விடுதிகளில் தங்கினார்கள். எடின்பரோவில் மிகக் குறைவாக இருந்த ஆசிய, ஆப்பிரிக்க முகங்கள் இங்கே ஏறத்தாழ பாதி. இந்தியக் கிறிஸ்தவ சபைகளின் தேசிய மன்றத்துக்கு அப்போது தலைவர் யார்? அதே அசரியா. 28 வருடம் முன்பு விருந்தாளியாகப் போய் நண்பர்களைக் கேட்டவரின் ஊருக்கே உலகம் விருந்தாளியாக வந்தது.

யார் யார் வந்தார்கள் என்று பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் வூ யீஃபாங். நான்ஜிங் நகரின் ஜின்லிங் பெண்கள் கல்லூரித் தலைவர். சரியாக ஒரு வருடம் முன்பு, 1937 டிசம்பரில், ஜப்பான் ராணுவம் நான்ஜிங்கில் நடத்திய படுகொலை நமக்குத் தெரியும். அப்போது ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் உயிர் தப்ப ஓடிவந்து ஒளிந்த இடம் அந்த ஜின்லிங் கல்லூரி வளாகம்தான். அதன் தலைவர் தாம்பரம் வருகிறார். அதே மாநாட்டுக்கு ஜப்பானிலிருந்து டொயொஹிகோ ககாவா வருகிறார். கோபே நகரின் சேரியில் குடியேறி ஏழைகளோடு வாழ்ந்தவர். சீனாவிடம் மன்னிப்புக் கேட்டவர். 1940-ல் அதற்காகவே ஜப்பான் ராணுவ போலீஸ் அவரைக் கைது செய்தது.

இந்த இரண்டு நாட்டுக்காரர்களும் இரண்டரை வாரம் ஒரே வளாகத்தில், ஒரே கிறிஸ்துமஸைக் கொண்டாடினார்கள். அங்கே ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. அதனால் போர் நின்றுவிட்டதா? இல்லை. இன்னும் ஏழு வருடம் நடந்தது. மாநாடு எதையும் மாற்றவில்லை என்று சொல்வதற்கு இது போதும். ஆனால் எதிரி நாட்டுக்காரரோடு அத்தனை நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறவருக்கு அடுத்த செய்தித்தாளைப் படிக்கும்போது ஒரு முகம் ஞாபகம் வரும் இல்லையா? எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

தென்னாப்பிரிக்காவின் க்ரூட்வில் என்ற ஊரிலிருந்து வந்தவர் பெயர் ஆல்பர்ட் லுதூலி. ஆசிரியராக இருந்து ஊர்த் தலைவரானவர். சொந்த நாட்டில் தோல் நிறத்துக்காக ஒதுக்கப்பட்ட ஒருவர் கப்பலேறித் தாம்பரம் வந்து, எல்லா நிறத்தாரோடும் சரிசமமாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர். 1960-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்கு. நோபல் வாங்கிய ஒருவர் நம்ம தாம்பரத்தில் தங்கியிருக்கிறார், நம் பள்ளிப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை!

சண்டையும் இல்லாமல் இல்லை. ஹாலந்துக்காரரான ஹென்ட்ரிக் க்ரெமர், மற்ற மதங்களுக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடுவே பாலமே கிடையாது என்கிற மாதிரி ஒரு புத்தகம் எழுதி எடுத்துவந்தார். அதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் ஏ.ஜி.ஹாக், இதே கல்லூரியில் பல ஆண்டுகள் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு வாத்தியார். வகுப்பில் இந்து மாணவர்களோடு வருடக்கணக்கில் விவாதித்தவர், அவர்களுடைய நம்பிக்கையும் நிஜமான நம்பிக்கைதான் என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, பக்கத்து பெஞ்சில் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு.

அப்புறம் அந்த மெயில்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி கொரியா அக்கா ஞாபகம் வந்தது. ஊருக்குப் போனதும் அவர் எங்களுக்கு மெயில் போட்டிருந்தார். அப்போது என்னிடம் மெயில் ஐடி கிடையாது, அப்பாவுடைய ஜிமெயிலுக்குத்தான் வந்தது. மூன்று மெயில். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு நம்மை மறந்துவிடுவார்கள் என்று இந்த மாதிரி ட்ரிப்களைப் பற்றி விமர்சனம் உண்டு. நானே பலமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் மறந்தது அவர் இல்லை, நான். காரணம் ரொம்ப அல்பமானது. இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். கிராமர் தப்பாகிவிட்டால் அக்கா என்ன நினைப்பாரோ என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, வெட்கமாகி, அப்புறம் விட்டேபோனது. அவருக்கு நான் பரிசு வாங்குகிற பிள்ளையாக இருக்கலாம், தப்பாக எழுதுகிற பிள்ளையாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன் போல.

எங்கள் அப்பா மெயிலை டெலிட் செய்கிற ஆள் இல்லை. கரன்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் இருக்கும். தேடினேன். மூன்றும் இருந்தன. திறந்து படித்தால், அக்காவின் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம்! வரிக்கு இரண்டு தப்பு. அதைப் பற்றி அவர் கவலையே படவில்லை. முதல் மெயிலில் நன்றி, போட்டோ. இரண்டாவதில் அவர் அப்பாவுக்குக் கடை வியாபாரம் படுத்துவிட்டது, பார்ட் டைம் வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்? மூன்றாவதில் ஒரே கேள்வி. உங்கள் அம்மா கொடுத்த கஞ்சி எப்படிச் செய்வது, பரீட்சை நேரத்தில் வயிறு படுத்துகிறது, அந்தப் பச்சைக் காய் ஊறுகாய் இங்கே கிடைக்காது, அதற்குப் பதிலாக எதைத் தொட்டுக்கொள்ளலாம்?

உடம்பு சரியில்லாத ஒரு பெண் ரெசிபி கேட்டிருக்கிறார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏன்டி, அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு பாட்டில் நார்த்தங்காயே பார்சல் அனுப்பியிருப்பேனே" என்றார். பிறகு அவரே சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அரிசியை லேசாக வறுத்து ரவையாக உடைத்துக்கொள்ள வேண்டும், ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர், அரை ஸ்பூன் சீரகம், உப்பு கடைசியில். நார்த்தங்காய் இல்லையென்றால் எலுமிச்சை ஊறுகாய். கொரியாவில் அது கிடைக்குமா என்று அம்மாவுக்குச் சந்தேகம். "அவங்க ஊர்ல கிம்ச்சினு ஒண்ணு இருக்காமே, அதையே தொட்டுக்கச் சொல்லு" என்றார். என் இங்கிலீஷில் எத்தனை தப்பு என்று சரிபார்க்காமல், மன்னிப்பும் கேட்டு, அனுப்பிவிட்டேன்.

மெயில் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. பதினோரு நாள் ஆகிறது. நான் ஆபீஸ் கிளம்பும்போது தினமும் அம்மா கேட்கிறார்: "அந்தக் கொரியா பொண்ணு எழுதிச்சா?"